சாமிக்குப் படைத்த மீன்

சல்லிக் கிராமத்துக்குப் போகும் பஸ் இன்னும் புறப்படவில்லை. எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் மெல்லச் சொன்னாள்.

“நேற்று நான் மீனைச் சாமிக்குப் படைச்சுப்போட்டன்.”

மற்றவள் வாயருகே கொண்டுபோன கச்சான் கடலை அங்கேயே நின்றது.

“என்னக்கா சொல்லுறீங்கள்? நேற்று வெள்ளிக்கிழமையெல்லோ?”

“ஓம். கனடாவில இருந்து வந்த மருமகள், எல்லாருக்கும் இரவுச் சாப்பாட்டுக்கெண்டு சல்மன் மீனுக்குத் தேன் பூசி பேக் பண்ணி வைச்சிருந்தவள். அவளுக்கு வெள்ளி செவ்வாய் ஒண்டும் தெரியாது. குசினிக்குள்ள போனால் ஒரே தேன் வாசம். மஸ்கட் அல்வா மாதிரிப் பளபளவெண்டு துண்டு துண்டாக் கிடந்தது. இனிப்பெண்டு நினைச்சு அம்மன் படத்துக்கு முன்னால வைச்சுக் கற்பூரமும் காட்டினன்.”

“ஐயோ அம்மாளே.”

“அதோட விட்டனானே? முதல் துண்டை எடுத்து, விரதமிருந்த மனுசன்ர கையில குடுத்தன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். பிறகுதான் மருமகள் ஓடிவந்து மீனெண்டு சொன்னவள்.”

“நாப்பது வருசமாக் கடலுக்குப் போற அண்ணைக்கு மீனெண்டு தெரியாமப் போச்சோ?”

“அதைத்தான் நானும் கேட்டனான். அம்மாள் தந்ததை எப்பிடி வேண்டாமெண்டுறது எண்டார். சொல்லிப்போட்டு, மற்றத் துண்டுக்கும் கையை நீட்டினார்.”