சிக்னல் மாறவே இல்ல

— டேய் சாம், எடுக்காத. சிவப்பு கீது.

— யக்கா, ரெண்டு பக்கமும் பார்த்துட்டேன், கிட்டத்துல ஒரு வண்டியும் இல்ல. ஒரு அமுக்கு அமுக்குனா ஈசிஆர தாண்டிடலாம்.

— உன் மாமாவும் இப்டிதான் பார்த்துட்டுப் போனாரு. எங்கேர்ந்தோ வேன்காரன் வந்து தூக்கி அடிச்சான். அவருக்குக் கால்ல பிளேட்டு. ஜெபாவுக்குக் கை ஒடிஞ்சு கட்டு. ரெண்டாங்கிளாஸ் படிக்கிற புள்ளடா அது.

— இதே சிக்னல்தான், எனக்கும் தெரியும்.

— தெரியுதுல்ல, நில்லு.

— இன்னா வெயிலு இது. பைய குடேன், முன்னால டேங்க் மேல வெச்சிக்கிறேன்.

— என் துணிமணிய நானே சொமந்துக்குறேன். நீ கூடுவாஞ்சேரில அம்மா வூட்டு வாசல்ல எறக்கி வுட்டா போதும். ஜெபாவ நேத்தே அனுப்பிட்டேன். இனிமே நான் இந்தப் பக்கம் வர்றதா இல்ல.

— போன் அடிக்குதுக்கா.

— அடிக்கட்டும். உன் மாமாதான். படி எறங்கினதுலேர்ந்து அடிச்சிக்கினே கீறாரு.

— எடுத்து ஒரு வார்த்த பேசேன். பாவம், எழுந்து நடக்கக்கூட முடியாம கீறாரு.

— இன்னா பேசறது? ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சதும் இன்னா சொன்னாரு, ஞாபகம் கீதா? “சிக்னல் மாறவே இல்ல சிநேகா. எவ்ளோ நேரம் நிக்கிறது, புள்ளைக்கு ஸ்கூல் மணி அடிச்சிடும்னு எடுத்துட்டேன்”னாரு. அவசரப்பட்டுட்டேன்னு சொல்லியிருந்தா, ரெண்டு நாளு அழுதுட்டு வூட்லயே கெடந்திருப்பேன். புள்ளைய அப்டி ஆக்கிட்டு, கூசாம பொய் சொன்னாரு பாரு. அதத்தான் என்னால தாங்க முடியல.

— சரி, விடுக்கா.

— எப்டி விடறது? பாஸ்டர் வந்து பக்கத்துல ஒக்காந்து கேட்டாரு. அவராண்டயும் அதே கத. மாறவே இல்ல, மாறவே இல்லன்னு. கடைசில உன்னக் கூப்ட்டு அவரு எதிர்லயே கேட்டேன். நீதான சிக்னல் போடற காண்ட்ராக்ட்ல வேல செய்யற, நீ சொல்லுன்னேன். இன்னா சொன்ன?

— அத இன்னாத்துக்கு இப்போ?

— “மாறாத சிக்னல் எங்கயும் கெடையாது மாமா”ன்ன. அவரு மூஞ்சி அப்டியே செத்துப்போச்சு. மாட்டிக்கினாருன்னு நெனச்சேன். அன்னிக்குதான் இந்த வாழ்க்க போதும்னு முடிவு பண்ணேன்.

— மண்ட காயுது யக்கா. போயிடலாமா?

— நில்லுன்னேன்ல. ஏன்டா வண்டிய முன்னயும் பின்னயும் உருட்டிக்கினு கீற? எனக்கு இடுப்பே வலிக்குது.

— இந்தக் கோட்டு மேல நிக்கட்டும்னு பார்த்தேன்.

— எந்தக் கோடு?

— தார அறுத்து வுட்டிருக்குதே, அது. ஒண்ணுமில்ல, நீ ஒக்காரு.

— அங்க பாரு, மீன் பொட்டிய கட்டிகினு ஒருத்தன் பூந்து போறான். உசுருமேல ஆசையே இல்லயா இவனுங்களுக்கு?

— இங்க எல்லாம் அப்டித்தான் போவாங்க. நாமதான் பேஜார் புடிச்ச மாதிரி நிக்கறோம்.

— மாறும்டா. மாறாம எங்க போவும்?

— அப்பாடா, பின்னால ஒரு கார் வருது. இப்போ வுழும் பாரு.

— ம். பச்ச வுழுந்துடுச்சு.

— கெட்டியா புட்ச்சிக்கோ, எடுக்கறேன்.

— எடுக்காத.

— யக்கா, காருக்காரன் ஆரன் அடிக்கிறான்.

— ஓரமா தள்ளு. அவன் போவட்டும்.

— போயிட்டான். இந்தா, திரும்பவும் சிவப்பு. இன்னாக்கா ஆச்சு உனக்கு?

— கார் வந்தா வுழும்னு உனக்கு எப்டி தெரியும்?

— குத்துமதிப்பா சொன்னேன்.

— என் மூஞ்சியப் பார்த்து சொல்லு சாம்.

— அந்தக் கோட்டுக்குக் கீழ ஒயர் கீதுக்கா. மேல இரும்பு வந்து நின்னா, வண்டி வந்துகீதுன்னு ஓரத்துல கீற சிக்னல் பொட்டிக்கு சொல்லும். அப்போதான் இந்த ரோட்டுக்குப் பச்ச குடுக்கும். காரு பெருசு, டக்குனு தெரிஞ்சிடும். பைக்கு அப்டி இல்ல.

— பைக்க பார்க்கவே பார்க்காதா?

— பார்க்கற மாதிரி அந்த ஒயரோட பவர கூட்டி வெக்கலாம். மொதல்ல அப்டித்தான் வெச்சிருந்தோம். ஆனா பக்கத்துல ஈசிஆர்ல போற லாரியக்கூட பார்த்துட்டு இங்க பச்ச வுழுந்துச்சு, மெயின் ரோடு ஜாம் ஆயிடுச்சு. கொறச்சி வெய்யின்னாரு சூப்பர்வைசரு.

— கொறச்சது யாரு?

— நான்தான்.

— அவரு வுழுந்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?

— முன்னாடி.

— அப்போ அன்னிக்கு நான் கேட்டப்போ உனக்குத் தெரியும்.

— தெரியும்க்கா.

— கட்டில்ல படுத்துகினு உன்னையேதான்டா பார்த்துகினு இருந்தாரு. நீயாவது சொல்லுவன்னு.

— வேலய பர்மனெண்ட் பண்றேன்னு சொல்லியிருந்தாங்க. இது வெளிய வந்தா மொதல்ல என்னத்தான் தூக்குவாங்க. பயந்துட்டேன். ரெண்டு நாள்ல சண்ட தீந்துடும்னு நெனச்சேன், நீ பையத் தூக்கிகினு கெளம்புவன்னு நெனைக்கல.

— இன்னிக்குக் காலைல கூப்ட்டேன், வந்து நின்ன. அவரு கட்டில்லேர்ந்தே ஜன்னல் வழியா பார்த்துகினு இருக்கறப்போ, இந்தப் பைய வண்டி வரைக்கும் தூக்கிகினு வந்ததே நீதான்.

— திட்டுக்கா. அடி. ஆனா ரோட்டு மேல எறங்காத.

— வண்டிய சாய்க்காம புடி, எறங்கறேன்.

— போன் திரும்ப அடிக்குதுக்கா.

— கேக்குது. கைய எடு, பேசணும். ஹலோ. ஆங், நான்தான். அழாதீங்க. இல்ல, அம்மா வூட்டுக்குப் போவல. நம்ம சிக்னல்லதான் நின்னுகினு கீறேன். மாறவே இல்லங்க.