தேதி சொல்கிறவள்

பாப்பாரப்பட்டி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மா பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்: "புள்ளைக்குக் கர்ப்பப்பைய எடுத்துடலாம்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறனுங்க."

"உள்ள கட்டி கிட்டி இருக்குதுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. கண்ணு தெரியாத புள்ள. மாசாமாசம் எத்தன நாளைக்கு நான் பாக்கறது?"

ஜன்னலோரம், மடக்கிய வெள்ளைக் கோலை மடியில் வைத்திருந்த மகள் திரும்பினாள். இருபது வயதிருக்கும்.

"நீ எங்கம்மா பாக்கற? என்னுத நாந்தானே பாத்துக்கறன். போன மாசம் நீ கோயிலுக்குப் பொறப்பட்டப்ப, உனக்குத் தேதி நெருங்குதுன்னு தடுத்ததே நாந்தான்."

பக்கத்துப் பெண் சிரித்துவிட்டாள்.

"உன் நல்லதுக்குத்தான் சாமி" என்றாள் அம்மா.

"அப்ப உன்னுதையும் சேத்து எடுத்துடலாம். ரெண்டு பேரு தேதிய ஞாபகம் வெக்கற வேல எனக்கு மிச்சம்."

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் அம்மா எழுந்தாள். மகள் கோலை விரிக்கவே இல்லை.