ஐந்து நிமிடமும் கண்ணெடுக்காத டாக்டர் உஷாராணி அவர்களுக்கு

ஈரல் நோயை ஈர நெஞ்சோடு அணுகியவரே! கொடுங்கட்டியைக் குமிழி கொண்டு கண்டறிந்த குணவதியே! தம்புசாமியாரின் தவப்புதல்வியே! கிள்ளானில் பிறந்து, பிரிக்பீல்ட்ஸில் குடியேறி, முப்பத்தோர் ஆண்டுகள் எங்கள் ஸ்கேன் அறையைக் கட்டியாண்டு இன்று பணி ஓய்வு பெறும் டாக்டர் உஷாராணி அவர்களே, வணக்கம்.

கை நரம்பில் ஏற்றிய நுண்குமிழிகள் குருதியோடு ஈரலுக்குள் புகுந்து, அங்கிருக்கும் கட்டி நல்லதா கெட்டதா என்று திரையில் காட்டும் வித்தையை எங்களுக்குக் கற்பித்தவர் தாங்கள். சிறுநீரகம் பழுதுபட்டதால் சிடி ஸ்கேன் மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டெங்கிலிலிருந்தும் ஜெஞ்சாரோமிலிருந்தும் தங்களை நம்பி வந்தார்கள். திரையை ஐந்து நிமிடம் முழுதாகப் பார்த்தாக வேண்டும் என்பது தங்கள் சட்டம். நல்ல கட்டி போல நடிக்கும் புற்று சில சமயம் நான்காம் நிமிடத்தில்தான் மெல்லக் கறுக்கும் என்பீர்கள். அந்த நேரத்தில் யாராவது கிசுகிசுத்தால், "இது என்ன பாசாரா, சந்தைக்கடையா? வாய மூடுங்கலா" என்பீர்கள். தங்கள் தே தாரிக் தேநீர் சூடாகத் தொண்டைக்குள் இறங்கி நாங்கள் பார்த்ததே இல்லை.

இம்மடலை வாசிக்கும் லோகனாகிய நான் இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நேற்று இதைச் சொன்னபோது நர்ஸ் தாமரை, "வேணாம்ணே, சந்தோஷமான நாள் லா" என்றார். மற்றவர்கள் நான் சொல்லச் சம்மதித்தார்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் தாங்கள் பினாங்குக் கருத்தரங்கிற்குப் போயிருந்த வெள்ளிக்கிழமை, ஜெஞ்சாரோம் லோரி ஓட்டுநர் கார்த்திகேசு அவர்களுக்கு நான் ஸ்கேன் எடுத்தேன். வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். இரண்டு நிமிடத்தில் கருவியை நிறுத்திவிட்டு, 'ஐந்து நிமிடம் பார்த்தாயிற்று, மாற்றமில்லை' என்று எழுதினேன். அதை நம்பித் தங்களுக்குப் பதிலாக வந்த மருத்துவர், பயப்பட ஒன்றுமில்லை என்று அவரை வீட்டுக்கு அனுப்பினார்.

திங்களன்று பதிவைப் போட்டுப் பார்த்த தாங்கள், "மிச்சம் மூணு நிமிஷம் எங்க, லோகன்?" என்று மட்டும் கேட்டீர்கள். கார்த்திகேசு அவர்கள் தொலைபேசியை எடுக்காததால் தாங்களே ஜெஞ்சாரோமுக்குக் கார் ஓட்டினீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன்.

"நல்ல சேதி சொல்லிட்டீங்களே டாக்டர், மறுபடி எதுக்கு?" என்றார் அவர்.

"அவசரப்பட்டுட்டோம் அங்கிள். தப்பு எங்களோடது. இன்னொரு தரம் பார்க்கணும்" என்றீர்கள்.

மறுநாள், நான்காம் நிமிடத்தில், அந்தக் கட்டி கறுத்தது. இரண்டு சென்டிமீட்டர் புற்று. அதே குமிழிகள் வழிகாட்ட, ஊசி செலுத்தி அதைச் சுட்டெரித்தீர்கள். மீண்டும் குமிழி ஏற்றிப் பார்த்தபோது கட்டிக்குள் குருதியோட்டம் துளியும் இல்லை. ஆறு மாதம் கழிந்திருந்தால் கதை வேறு.

மேலிடம் விளக்கம் கேட்டபோது, "என் அறை, என் பொறுப்பு" என்று எழுதிக் கொடுத்தீர்கள். அவ்வாண்டு தங்களுக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. என் பெயரைத் தாங்கள் எங்கும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தாங்கள் செய்தது பெருந்தன்மை, அம்மா. நான் செய்தது கோழைத்தனம்.

நோயின்றி நூறாண்டு வாழ்க. தே தாரிக்கை இனியாவது சூடாகப் பருகுக. தங்கள் குடும்பம் தழைக்க, தங்கள் கண்ணொளி குன்றாதிருக்க, எல்லாம் வல்ல இறைவனை வேண்டி நிற்கிறோம்.

முன்வரிசையில் மனைவியோடு அமர்ந்திருக்கும் கார்த்திகேசு ஐயா, அன்று கருவியை நிறுத்தியவன் நான்தான். என்னை மன்னியுங்கள்.

டாக்டர், இந்த வரிகளை நீக்காமல்தான் இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறோம். தங்கள் வீட்டுச் சுவரில், தங்கள் பெயருக்குக் கீழே, என் தவறு என் பெயரிலேயே இருக்கட்டும்.

அன்பும் நன்றியும் மறவாத
ஸ்கேன் அறை ஊழியர்கள் சார்பில்,
லோகன்