நொடிக்குப் பன்னிரண்டு வீச்சு

— நிறுத்து. இதை வாசிச்சது யாரு?

— நீதான்க்கா. உன் பழைய பதிவு ஒண்ணு கிடந்துச்சு, அதை எடுத்து...

— டேய், என் கையை எனக்குத் தெரியாதா? யாரு வாசிச்சது?

— யாரும் வாசிக்கல. கம்ப்யூட்டர்தான். மாண்டலின் சத்தத்தை ஏத்தி, மிடி சாப்ட்வேர்ல ஒவ்வொரு தட்டா நானே உக்காந்து வச்சேன்.

— வச்சு, என் பேர்ல மியூசிக் டைரக்டருக்கு அனுப்பிட்டே.

— உனக்கு எப்படித் தெரியும்?

— இப்பதான் போன் பண்ணினாரு. கை தேறினது சந்தோஷம்மான்னாரு. நானும் ஆமா சார்னுட்டேன். கடைசி நாலு வரி மட்டும் அவருக்கு ஒட்டலையாம். மூணு மணிக்கு இங்க வர்றாரு. அவர் எதிர்ல நான் வாசிச்சுக் காட்டணுமாம்.

— மூணு மணிக்கா? இப்பவே ரெண்டே கால்.

— எனக்கும் கடிகாரம் பாக்கத் தெரியும். எதுக்குடா இந்த வேலை பண்ணினே?

— வேற என்ன பண்ணச் சொல்றே? நீ வாசிச்சு எட்டு மாசமாச்சு. உன் இடத்துல வேற ஆளைப் போட்டுட்டா அப்புறம் உன்னை யாரு கூப்பிடுவா? வண்டி ஓட்டினது நான். மழையில சறுக்க விட்டது நான். உடைஞ்சது உன் மணிக்கட்டு. எனக்கு ஒரு கீறல்கூட இல்ல.

— அதை ஆரம்பிக்காதே.

— நீதான் கேட்டே.

— சரி, அந்த நாலு வரியைப் போடு. அது நல்லா வந்துட்டா என்னை வாசிக்கச் சொல்ல மாட்டாரு. ம்... போதும். தையல் மிஷின் ஓடற மாதிரி இருக்கு.

— நீட்டற ஸ்வரத்துக்கு நொடிக்குப் பன்னிரண்டு தட்டு. அளந்து வச்சிருக்கேன், ஒரு இம்மி பிசகல.

— அதான் குத்தம். யாரு கைடா அப்படிப் பிசகாம ஆடும்? கீழ போற வீச்சுக்குக் கையோட கனம் இருக்கு. மேல வர்றது சும்மா திரும்பி வர்றதுதான், பலம் கம்மி. நீ ரெண்டையும் ஒரே அளவுல வச்சிருக்கே.

— இரு... மேல வர்றதையெல்லாம் குறைச்சாச்சு. கேளு.

— இப்ப நொண்டுது. எல்லாத்தையும் ஒரே மாதிரி குறைச்சா வேற எப்படி இருக்கும்? பலத்தை ஒண்ணு எண்பது, ஒண்ணு எழுபத்தாறு, ஒண்ணு எண்பத்திரண்டுன்னு கலைச்சு விடு. நேரத்தையும் கொஞ்சம் முன்னப் பின்னத் தள்ளு. ரொம்பத் தள்ளிடாதே, குடிச்சவன் நடை மாதிரி ஆயிடும்.

— இது?

— தேவல. ஆனா ஜோடித் தந்தி ரெண்டும் ஒரே சமயத்துல அடிக்குது பாரு. மீட்டற பிக் ஒரு தந்தியைத் தொட்டுட்டுத்தானே அடுத்ததுக்குப் போகும்? ரெண்டாவதை ஒரு துளி தள்ளி வை.

— அட, சத்தமே அகலமாயிடுச்சு.

— ஆரம்பிக்கறப்ப நிதானமா, ஸ்வரம் விரிய விரிய வேகம் ஏறணும். அடுத்த ஸ்வரத்துக்குத் தாவறப்ப ஒரு வீச்சு விட்டுப்போகும். விரல் நகர நேரம் வேணாமா? எல்லா ஓட்டையையும் அடைக்காதே. நகரு, மௌஸைக் குடு.

— அக்கா, மணி ரெண்டு ஐம்பது.

— தொணதொணக்காதே. இங்க பலம் ஏறணும்... இதை அழிச்சிடலாம்... இப்ப போடு. எப்படிடா இருக்கு?

— நீ பக்கத்துல உக்காந்து வாசிக்கற மாதிரியே இருக்கு. பயமா இருக்குக்கா.

— நான் வாசிச்சா இப்படி வராது. மூணாவது வரியில எப்பவும் அவசரப்பட்டுடுவேன். இதுல நிதானமாப் போகுது பாரு.

— கீழ கார் நிக்குது. அவருதான். நான் சொல்றதைக் கேளு. இதைப் போட்டுக் காட்டுவோம். வாசிக்கச் சொன்னா, கை மறுபடி வீங்கிடுச்சுன்னு நானே சொல்லிடறேன்.

— நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். போய்க் கதவைத் திற.

— வாங்க சார். உக்காருங்க.

— இருக்கட்டும் தம்பி. என்னம்மா, கை எப்படி இருக்கு?

— கை நல்லா இருக்கு சார். ஆனா உங்களுக்கு வந்த பாட்டுல வாசிச்சது நான் இல்ல. இவன் கம்ப்யூட்டர்ல பண்ணினது. கடைசி நாலு வரியை ரெண்டு பேருமா இப்பதான் திருத்தினோம். கேளுங்க. பிடிக்கலன்னா வேற ஆளை வச்சுக்குங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

— என்கிட்ட மறைச்சது தப்பும்மா. சரி, போடுங்க, கேப்போம்... ம். இன்னொரு தரம்... நல்லா இருக்கு. இதையே வச்சுக்கறேன். ஆனா கைதான் நல்லா இருக்கே, அடுத்த பாட்டுக்கு நீங்களே வந்து வாசிக்கலாமில்ல?

— சார், அக்கா ஒரு பேச்சுக்குச் சொல்றா. மணிக்கட்டு இன்னும் சரியாத் திரும்பல. டாக்டர் என்ன சொன்னாருன்னா...

— எனக்காகப் பொய் சொல்லாதடா. வாசிக்கலாம்னு டாக்டர் சொல்லி மூணு மாசமாச்சு. உன்கிட்ட நான் சொல்லல.

— மூணு மாசமாவா? தினமும் காலையில உனக்குத் தலை பின்னி விட்டேனேக்கா. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னியா?

— சொல்லல. என் தப்புதான். ஏழு வயசுல அப்பா என் மடியில மாண்டலினை வச்சாரு. எனக்கு இது பிடிக்குதான்னு இன்னைவரைக்கும் யாரும் கேட்டதில்ல. விழுந்த அன்னைக்கு ஆம்புலன்ஸ்ல நான் அழுதேனே, வலியிலன்னு நினைச்சுட்டே. இனிமே வாசிக்க வேண்டியதில்லைங்கற நிம்மதியில அழுதேன்டா.