ஏழாம் எண் கிளிப்

வெயில் காலத்தில் ரேடியோவில் ஓட்டும் மாடல் விமானம் விடுகிறவர்கள் காலையிலேயே மைதானத்துக்கு வந்துவிட வேண்டும், மேடம். வெயில் ஏற ஏறத் தரை காய்ந்து, காற்று கீழிருந்து மேலே கொதிக்கும். அந்தக் கொதிப்பில் ஒரு சின்ன விமானத்தைப் பத்திரமாக இறக்குவது, குடிகாரனைக் கையைப் பிடித்துப் படி இறக்குகிற மாதிரி. இதை எங்கள் கிளப்பில் ஒவ்வொரு கோடையிலும் சொல்லுவேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். மறுவாரம் ஆடி அசைந்து பத்து மணிக்குத்தான் வருவார்கள்.

தண்ணீர் வேண்டாம். ஃபேனைக் குறைத்தால் போதும், நான் சத்தமாகப் பேசிப் பழகாதவன்.

என் மச்சானுக்காகத்தான் வந்திருக்கிறேன். மனைவியின் தம்பி. கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். எனக்குக் கல்யாணமானபோது அரை டிராயரோடு என் ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு வந்தவன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த இடத்தில் அவன் வளர்ந்தான். அவன் ஓட்டிய விமானம் மோதித்தான் எங்கள் கிளப் தலைவர் பல் டாக்டர் இறந்தார். வழக்கையும் அவன் பேரில்தான் எழுதினீர்கள். அதற்குப் பிறகு அவன் பட்ட பாட்டை நீங்களும் பார்த்தீர்கள். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து தன் இரண்டு கட்டை விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பான். “இந்த வெரல்தான் அத்தான்” என்பான். அந்தச் சாவு யார் பேரில் இருக்க வேண்டும் என்பதுதான் இப்போது விஷயம். அதைச் சரியாகச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மனிதர்களை ஏற்றி இறக்குகிறவன். நான் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறேன் என்று கிளப்பில் சொல்லுவேன், சிரிப்பார்கள். மூடிப்போன ஒரு தொழிற்சாலைக்குப் பின்னால் நீளமாக ஒரு தார்த்தரை இருக்கிறது. அதுதான் எங்கள் ஓடுதளம். பிள்ளைக்கு என்று சொல்லி விமானம் வாங்கி, பிள்ளையைத் தொடவிடாமல் தானே ஓட்டுகிற அப்பாக்கள் சிலர் சேர்ந்ததுதான் கிளப். விழுந்து உடைகிற விமானங்கள் என் வீட்டுப் பின்பக்க ஷெட்டுக்கு வரும். அந்த ஷெட்டுக்கு ‘ஆஸ்பத்திரி’ என்று பெயர் வைத்தவர் டாக்டர். “பல்லுக்கு நானு, றெக்கைக்கு இவன். இவன்கிட்ட வர்ற பேஷண்ட் அலறாது, அதான் வித்தியாசம்” என்பார்.

கோடையில்தான் எங்களுக்குத் திருவிழா. பள்ளிக்கூடம் மூடியதும் பிள்ளைகளுக்குத் தெர்மாகோலில் கிளைடர் செய்யச் சொல்லிக்கொடுப்போம். பெரியவர்களுக்கு என் ஷெட்டில் வகுப்பு. மூக்கு கனமாக இருந்தால் விமானம் சுமாராகப் பறக்கும், வால் கனமாக இருந்தால் ஒரே ஒரு தடவைதான் பறக்கும். பேட்டரியை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுப் போகக் கூடாது. ப்ரொபெல்லர் சுற்றும்போது அதற்கு நேர் பக்கவாட்டில் நிற்கக் கூடாது, பின்னால்தான் நிற்க வேண்டும். என்னிடம் கற்றவர்களில் யாருக்கும் ஒரு விரல் போனதில்லை. மற்ற எதைச் சொன்னாலும் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது கிளிப்பைப் பற்றி. இது புரியாவிட்டால் எதுவும் புரியாது.

எங்களுடையவை பழைய மாடல் ரேடியோக்கள். கையில் வைத்திருக்கும் பெட்டிக்கு ஓர் எண், விமானத்துக்கும் அதே எண். ஒரே எண்ணில் இரண்டு பேர் பெட்டியை ஆன் செய்தால் விமானத்தின் பாடு, இரண்டு மாமியார் இருக்கிற வீட்டு மருமகள் பாடுதான். யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் உதறும். கடைசியில், கிட்ட இருப்பவன் சொல்வதைக் கேட்கும். இந்த ஆபத்துக்காக ஒரு பலகை வைத்திருக்கிறோம். அதில் துணி காயப்போடும் கிளிப்புகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். ஓட்டப் போகிறவர் தன் எண் கிளிப்பை எடுத்துத் தன் ஏரியலில் மாட்டிக்கொள்ள வேண்டும். கிளிப் கையில் இல்லாதவர் பெட்டியைத் தொடவே கூடாது. டாக்டர் இதில் ரொம்பக் கண்டிப்பு.

அதனால் என்ன ஆனது என்றால், விமானம் விழுந்தால் யாரும் இன்னொரு ரேடியோவைச் சந்தேகப்படுவதே இல்லை. கிளிப் ஓட்டியவரிடம்தானே இருந்தது. அப்படியென்றால் பேட்டரி போயிருக்கும், கம்பி விட்டிருக்கும், கை தவறியிருக்கும். பூட்டின வீட்டில் பொருள் காணாமல் போனால் திருடனைத் தேட மாட்டார்கள், வீட்டுக்காரனின் மறதியைத்தான் திட்டுவார்கள்.

சில கோடைகளுக்கு முன்னால் ஒரு சங்கடம் வந்தது. என் வகுப்புகளால் எல்லோரும் நன்றாக ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். யாருடைய விமானமும் விழவில்லை. ஷெட்டுக்கு யாரும் வரவில்லை.

“என்னங்க, உங்க ஆஸ்பத்திரியில ஈ ஓட்டுறீங்களா?” என்றாள் மனைவி.

“ஈயும் வரல. அதுக்கும் றெக்க நல்லாத்தான் இருக்கு போல” என்றேன். அவள் சிரித்துவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டாள். நான் ஷெட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆண்களுக்கு எதிரில் உட்கார்ந்து பேச வராது, மேடம். நடுவில் உடைந்த பொருள் ஒன்று வேண்டும். நான் இறக்கையைப் பிடித்துப் பசை தடவிக்கொண்டிருப்பேன், அவர்கள் அதைப் பார்த்தபடி பேசுவார்கள். மகன் போன் செய்வதில்லை என்பார் ஒருவர். டாக்டர் தன் மனைவி போன பிறகு அழுதது அந்த ஷெட்டில் மட்டும்தான். வால் பகுதியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். பசை காயும் வரை விடக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன், விடவில்லை.

ஊரை விட்டுப் போன ஒரு உறுப்பினர் தன் பழைய ரேடியோவை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். எண்ணைத் தீர்மானிக்கிற சின்ன வில்லையை மாற்றினால் அது எந்த எண்ணிலும் பேசும். அதை என் கருவிப் பையில் வைத்துக்கொண்டேன். முதலில் பேங்க் மேனேஜருடைய மஞ்சள் விமானம். அவர் அந்த மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார், முகம் தொங்கிப்போயிருந்தது. பைக்குள் கையை விட்டு ஒரு நொடி ஆன் செய்தேன். புல்லில் போய் விழுந்தது. சாயங்காலம் அவர் ஷெட்டுக்கு வந்து, இருட்டும் வரை பேசிவிட்டுத் தெளிந்த முகத்தோடு போனார். நான் அவருடைய விமானத்தை விழ வைத்தேன் என்று சொல்ல மாட்டேன். அவரை வரவழைத்தேன்.

அதற்குப் பிறகு அப்படித்தான். யார் முகம் வாடியிருக்கிறதோ அவருடைய எண். ஒன்றையும் அரைகுறையாக விட்டதில்லை. விழுவதற்கு முன்னால் இருந்ததைவிட நன்றாகச் செய்து கொடுத்தேன். மச்சானுக்குப் பேசிவைத்த பெண்வீட்டார் பின்வாங்கியபோது அவன் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அவனுடைய பெரிய பெட்ரோல் விமானத்தை இறக்கினேன். இறக்கை இரண்டாகப் போயிற்று. மறுநாளிலிருந்து தினமும் வந்தான். அக்காவிடம் சொல்லாததையெல்லாம் என்னிடம் சொன்னான்.

அந்த இறக்கை மேஜையில் காய்ந்துகொண்டிருந்தபோதுதான் டாக்டர் வந்தார். மச்சான் கடைக்குப் போயிருந்தான். டாக்டர் தன் பெட்டியில் ஏதோ திருகாணி தளர்ந்திருக்கிறது என்று ஸ்க்ரூடிரைவர் கேட்டார். என் கைகளில் பசை. பையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று நானே சொன்னேன். எவ்வளவு கவனமாக இருந்தாலும் கை வேலையாக இருக்கும்போது வாய் தன்பாட்டுக்குப் பேசிவிடுகிறது.

“இது யாரோட ரேடியோடா?”

“பழசு டாக்டர். டெஸ்ட் பண்றதுக்கு.”

“ஏழாம் நம்பர் வில்லை போட்டிருக்கே. ஏழு உன் மச்சானோடதில்ல?”

அவர் என்னைப் பார்த்தார். கிளினிக்கில் விளக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துவைத்துப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

“எத்தன பேரோடதுடா?”

“எல்லாத்தையும் சரி பண்ணிக் குடுத்துட்டேனே டாக்டர்.”

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. “போட்டி அன்னைக்கு எல்லாரும் இருப்பாங்க. பரிசு குடுக்கிறதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு. நீ சொன்னா நாலு வார்த்தை திட்டிட்டு விட்டுடுவாங்க. நான் சொன்னா உன் வீட்டுப் படி ஏற மாட்டாங்க” என்றார்.

“மச்சான் இருப்பானே டாக்டர்.”

“அவன்கிட்டதான் மொதல்ல சொல்லணும். பிடுங்கற வரைக்கும்தான்டா பயம். அப்புறம் நாக்கு அந்த எடத்தையே தேடும், அவ்ளோதான்.” என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ரேடியோவை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். என்னை நம்பி அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

நான் யோசித்துப் பார்த்தேன். அந்தப் பையன் பெண்வீட்டார் விஷயத்திலிருந்து அப்போதுதான் எழுந்திருக்கிறான். இந்த நேரத்தில் அத்தான் இப்படி என்று தெரிந்தால் அவன் யாரிடம் போவான்? இன்னொரு அடியைத் தாங்குகிற நிலையில் அவன் இல்லை. அதை டாக்டர் யோசிக்கவில்லை. நல்லவர்களுக்கு எப்போதும் இந்தக் குறை உண்டு; உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள்.

போட்டி என்பது, ஓடுதளத்தின் கடைக்கோடியில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருப்போம். சக்கரம் வட்டத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் தரையைத் தொடுகிறது என்பதற்கு மதிப்பெண். நடுவர் டாக்டர். நடுவர் பாதுகாப்பு வலைக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று விதி எழுதியவரும் அவர்தான், அதை ஒருநாளும் கடைப்பிடிக்காதவரும் அவர்தான். “கிட்டப் போய்ப் பாக்காம சொத்தைன்னு எப்படிய்யா சொல்றது” என்று வட்டத்துக்குப் பக்கத்தில் அளவு நாடாவோடு குந்திக்கொள்வார். ஓட்டுகிறவர்கள் எல்லோரும் மறுகோடியில் நிற்பார்கள். என் வேனை வட்டத்துக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். உடைந்ததைப் பொறுக்குவதற்கு என்று சொன்னேன். வருஷா வருஷம் சொல்வதுதான்.

“காத்து அடிக்குதுடா. சின்னது வேணாம், ஆடும். பெருச எடு” என்று மச்சானிடம் சொன்னவன் நான். அது நல்ல யோசனைதான். காற்றில் பெரிய விமானம்தான் நிலையாக இருக்கும். அவன் பலகையிலிருந்து ஏழாம் எண் கிளிப்பை எடுத்து ஏரியலில் மாட்டியதை வேனிலிருந்து பார்த்தேன்.

அழகாக வந்தான். அவன் அவ்வளவு அழகாக இறக்கி நான் பார்த்ததில்லை. விமானம் என்னிடம் வர வர, அவனைவிட நான் கிட்டத்தில் இருந்தேன். மடியில் பெட்டி. எஞ்சினை முழுதாகத் திறக்கிற பக்கம் ஒரு குச்சி, மூக்கைக் கீழே தள்ளுகிற பக்கம் இன்னொரு குச்சி. இரண்டையும் முன்னதாகவே ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தேன். ஸ்விட்சை மட்டும்தான் தட்ட வேண்டியிருந்தது. நான் குறி பார்த்தேன் என்று சொல்ல முடியாது. விமானம் ஏற்கெனவே அவர் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தது. அது வேகம் குறைய நான் விடவில்லை.

எஞ்சின் சத்தம் மாறியதும் டாக்டர் நிமிர்ந்தார். விமானத்தைப் பார்க்கவில்லை, என் வேனைப் பார்த்தார்.

முதலில் ஓடிப்போய் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டது நான்தான். அதை எல்லோரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். மண்ணில் கிடந்த அவருடைய கண்ணாடியைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்தேன். அழுதேன். அது நடிப்பில்லை, மேடம். எனக்கு அவரைவிட நெருங்கிய சிநேகிதர் கிடையாது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு கிளப்காரர்கள் ஒருவர் விடாமல் தினமும் சாயங்காலம் என் ஷெட்டுக்கு வந்தார்கள். நிற்க இடமில்லை. மனைவி பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கிப் போட்டாள். எல்லோரும் டாக்டரைப் பற்றிப் பேசினார்கள், அழுதார்கள், நடுவில் சிரிக்கவும் செய்தார்கள். அவர் இருந்திருந்தால் ரொம்ப ரசித்திருப்பார்.

பிறகு நேற்று நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். நல்ல மனசோடுதான் வந்தீர்கள். உங்கள் நிபுணர் உடைந்த துண்டுகளைப் பார்த்துவிட்டாராம். பழைய ஒட்டு காற்றில் விட்டு இறக்கை கழன்றதாம். ஓட்டியவன் பேரில் தப்பில்லை, ரிப்பேர் செய்தவர் பேரிலும் வேண்டுமென்று செய்த குற்றம் இல்லை, இது விபத்து, வழக்கை முடித்துவிடலாம் என்றீர்கள். மனைவி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மச்சான் நேற்றுதான் வயிறாரச் சாப்பிட்டான். மறு சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“மனசுல வச்சுக்காதீங்க அத்தான். உங்களுக்கும் வயசாகுது. பசை சரியாக் கலக்காம போயிருக்கும். நான் உங்கள ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்” என்றான். சொல்லிவிட்டுக் கூடத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டான். குறட்டை சத்தம் விடியும் வரை கேட்டது.

நான் தூங்கவில்லை. விடிந்ததும் கிளம்பி வந்துவிட்டேன். அந்தத் துண்டுகள் இங்கேதானே இருக்கின்றன, கொண்டுவரச் சொல்லுங்கள். மரம் பிளந்திருப்பது ஒட்டுக்குப் பக்கத்தில், ஒட்டில் இல்லை. தரையில் மோதிய பிறகு பிளந்தது அது. நன்றாகப் போட்ட ஒட்டு அப்படித்தான், பக்கத்து மரம் போகும், அது போகாது. இதுகூடத் தெரியாத ஒருவரை நிபுணர் என்று எங்கிருந்து பிடித்தீர்கள்?

டாக்டரைக் கொன்றது நான். திட்டம் போட்டுத்தான் கொன்றேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். மச்சானுக்காகத்தான் சொல்கிறேன், அவன் தப்பான ஒன்றை நம்பிக்கொண்டு வாழக் கூடாது. ஆனால் ஒட்டு விடவில்லை, மேடம். முதலில் அதை எழுதுங்கள். மற்றதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.