மாலை போட்ட பக்கம்

கொழும்பில் பொய் சொல்லத் தெரியாத ஒரே மனிதன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். கம்பஸ் சுவர்ப் பத்திரிகையில் எங்கள் பேராசிரியர் ஒருவருக்கு அஞ்சலி எழுதியபோதுகூட, ‘இவர் இன்னும் சாகவில்லை’ என்று அடிக்குறிப்புப் போட்டவன்.

குடும்ப ஒன்றுகூடலுக்குப் படங்களை ஒழுங்குபடுத்தும் வேலை என்னிடம் வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். டொரொன்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் நாற்பது பேர். வெள்ளவத்தையில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். நான்கு தலைமுறைப் படங்கள். இரண்டு பலகைகள் வைத்தேன். இடப்பக்கம் இறந்தவர்கள்: ஆளுக்கொரு பிளாஸ்டிக் மல்லிகை மாலை, சின்னச் சிவப்பு பல்ப். வலப்பக்கம் உயிரோடு இருப்பவர்கள்.

உதவிக்கு வந்த தங்கையா மாமா வலப்பக்கத்தில் தன்னைக் கண்டுபிடித்தார்.

“தம்பி, என்ர படத்துக்கு மேல இப்பவே ஒரு ஆணி அடிச்சு விடும். பிறகு மாலை கொழுவ உதவும்.”

“பல்ப் வேண்டாமோ மாமா?”

“வேண்டாம். வெளிச்சத்தில எனக்கு நித்திரை வராது.”

மிச்சம் ஒரு படம் இருந்தது. திலக்ஷன் அண்ணா, பெரியம்மாவின் மகன். 2008இல் பம்பலப்பிட்டியில் வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நின்றவரை ஒரு வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

இருபத்தொன்று இப்போது எனக்கும் ஆகிறது. ஒன்பது வயதில், விசா வரும்வரைக்கும் என்று சொல்லி அம்மா என்னைப் பெரியம்மா வீட்டில் விட்டார். விசா வந்தது, அம்மாவுக்கு மட்டும்.

பெரியம்மாவில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வேளைக்குச் சோறு, காய்ச்சலுக்குக் கொத்தமல்லித் தண்ணீர். ஒரேயொரு பழக்கம் இருந்தது. வாசல் மணி அடித்தால், கையில் இடியப்ப மா ஒட்டியிருந்தாலும் ஓடி வருவார். கதவைத் திறக்கும்போது ஒரு முகம் இருக்கும். என்னைக் கண்டதும் அது இறங்கிவிடும். “ஓ, நீயா” என்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும், கம்பஸ் விட்டு வந்தாலும், பன்னிரண்டு வருஷமாக “ஓ, நீயா.” இதை நண்பர்களுக்கு நடித்துக் காட்டியிருக்கிறேன். நல்ல வரவேற்பு இருந்தது.

அன்று காலை திலக்ஷன் அண்ணாவின் படத்தை இடப்பக்கம் ஒட்டினேன். மாலை போட்டேன். மற்றவர்களுக்கெல்லாம் கீழே இறந்த திகதி இருந்தது. இவருக்கும் ஒன்று வேண்டும். 2013 மார்ச் 4 என்று எழுதினேன். பல்ப் எரிந்தது.

சனம் பலகைகளுக்கு முன்னால் நின்று யாருக்கு யாருடைய மூக்கு என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. பெரியம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். அந்நேரம் ரயில் ஒன்று போனது. படங்கள் எல்லாம் ஆடின. அண்ணாவின் படம் மட்டும் ஆடவில்லை. நான்கு பக்கமும் ஒட்டியிருந்தேன்.

“ஆர் சொன்னது?”

“என்னோட படிக்கிற ஒருத்தன்ர தேப்பன், பெரியம்மா. அண்ணையோட ஒண்டா அடைபட்டிருந்தவராம்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“வாய் வரேல்லை.”

எனக்கே ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவு சுலபமாக வந்தது.

பெரியம்மா திகதியை விரலால் தடவினார். “இது நீ எங்கட வீட்டுக்கு வந்த நாள் எல்லே? மணி அடிக்கேக்க அவன் எண்டுதான் ஓடி வந்தனான். பிள்ளை அண்டைக்கு வந்து பாத்திட்டுத்தான் போயிருக்கிறான்.”

“ஓம்” என்றேன்.

அடுத்த கிழமை கடற்கரைக்கு ஐயர் வந்தார். தம்பி முறை என்பதால் எள்ளும் தண்ணீரும் நான்தான் இறைத்தேன். பெரியம்மா என் தலையைத் துவாயால் துவட்டிவிட்டார். அதற்காகத்தான் செய்தேன் என்று நீங்கள் நினைக்கக்கூடும். இல்லை. பதினேழு வருஷக் காத்திருப்பிலிருந்து ஒரு மனிசியை விடுதலை செய்தேன்.

ஒரு விஷயத்தை மட்டும் நான் யோசிக்கவில்லை. பெரியம்மாவின் மகள் நிஷாந்தினி அக்கா பல வருஷமாகக் கனடாவுக்குக் கூப்பிட்டும், “அவன் வரேக்க வீடு பூட்டிக் கிடக்கக்கூடாது” என்று பெரியம்மா போகாமல் இருந்தார். விசா பாஸ்போர்ட்டில் சும்மா கிடந்தது. இந்தமுறை அக்காவோடு போய்விட்டார்.

“இனிக் காத்திருக்க இஞ்ச ஆர் இருக்கினம்?” என்று கேட்டார், நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தபோது.

பதிவுக்காக: திலக்ஷன் அண்ணாவைப் பற்றி என்னிடம் எவரும் எதுவும் சொல்லவில்லை. அப்படி ஒரு தகப்பன் இல்லை. அண்ணா எங்காவது இருக்கலாம். ஒரு தாய் உயிரோடு வைத்திருந்த பிள்ளையை நான்தான் முடித்தேன், இரட்டைப்பக்க டேப்பால். அவருக்கு நல்லதுதான் செய்தேன். எனக்கு இதில் ஒரு இலாபமும் இல்லை.

நேற்றுப் பின்னேரம் மணி அடித்தது. கோப்பை கழுவிக்கொண்டிருந்தவன் கையில் நுரையோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். தண்ணீர்ப் போத்தல் கொண்டுவரும் மஹ்ரூப் நானா, தோளில் போத்தலோடு நின்றார்.

“ஓ, நீங்களா” என்றேன்.