நாலாவது குமிழ்

மலிவான ஹெட்போன் அம்ப்ளிஃபயர் வாங்க வருகிறவர்கள், அதில் எத்தனை பேர் ஒன்றாகக் கேட்கலாம் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். அது பிழை, சேர். ஒருவருக்குச் சத்தத்தைக் கூட்டினால் மற்றவர்களுக்குக் குறைகிறதா, உச்சத்தில் வைத்தாலும் இரைச்சல் இல்லாமல் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் இருபத்திரண்டு வருடமாக, பெரியகல்லாற்றிலிருந்து ஏறாவூர் வரை, திருவிழாக்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் ஸ்பீக்கர் கட்டியவன். இந்தப் பெட்டியை ஏன் வாங்கினாய் என்ற உங்கள் கேள்விக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியும்.

என் மகள் விதுர்ஷாவுக்காக வாங்கினேன். அவளுக்கு இருபத்தொரு வயது. நாவற்குடாவில் எங்கள் வீட்டுப் பின்னறையில் நாலு பேராகப் பயிற்சி செய்வார்கள். டினேஷ் கிட்டார், காத்தான்குடி ஹில்மி கீபோர்ட், டொமினிக் ட்ரம் பேட். இவள் பாடுவாள். போன ஆவணியில் பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்தது. சத்தம் தாங்கவில்லை என்று வந்து கேட்டார்கள், நியாயமாகத்தான் கேட்டார்கள். எல்லாவற்றையும் மிக்ஸரில் செருகிவிட்டு, நாலு பேரும் ஹெட்போனில் கேட்டால் போதும் என்று நான் சொன்னேன். அப்படிச் செய்தால், வாசிப்பு எதுவும் இல்லாமல் அவளுடைய குரல் மட்டும் வெளியே கேட்கும். வாவிப் பக்கக் கதவடியில் நின்று சிலநாள் அதைக் கேட்டிருக்கிறேன். அதைப்போல ஒன்றை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

கடைக்குப் போக இருந்த நாளுக்கு முதல் நாள் டினேஷ் ஒரு செய்தியோடு வந்தான். கட்டாரில் ஒரு ஹோட்டலில் நாலு பேரும் சேர்ந்து பாட இடம் கிடைக்கப்போகிறதாம்.

"ரெண்டு வருஷம்தான் அங்கிள்," என்றான்.

விதுர்ஷாவின் தாயும் இரண்டு வருடம் என்றுதான் சொன்னாள். பிள்ளைக்கு எட்டு வயதாக இருந்தபோது குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். நாலு வருடம் போன் எடுத்தாள். பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை. நான் யாரையும் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கடையில் நாலு பேர் தனித்தனியாகக் கேட்கக்கூடிய நாலு சனல் பெட்டிகள் இரண்டு இருந்தன. விலையில் பெரிய வித்தியாசமில்லை. ஒன்றில், சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் தானாகவே தடுக்கும் பாதுகாப்பு இருந்தது. மற்றதில் இல்லை. "பாடுற ஆக்களுக்கு முதலாவதுதான் நல்லம்," என்றார் கடைக்காரர். நான் இரண்டாவதை எடுத்தேன்.

பெட்டி என் மேசையில் இருந்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நாலு குமிழ்களில் நாலாவது அவளுடையது. மற்ற மூன்றும் எப்போதும் மூன்றாம் இலக்கத்திலேயே நின்றன. அவளுடையதை நானாக ஒருநாளும் கூட்டவில்லை. அவளுக்குப் போகிற கலவையில் அவளுடைய குரலைக் கொஞ்சம் குறைத்து, ட்ரம்மை முன்னுக்கு விடுவேன். அவ்வளவுதான்.

"அப்பா, என்ட குரல் எனக்கே கேக்குதில்ல. கொஞ்சம் ஏத்துங்க," என்பாள்.

கலவையில் குரலை அல்ல, நாலாவது குமிழை ஏற்றுவேன். ஒவ்வொரு தடவையும் அவளேதான் கேட்டாள். மூன்றிலிருந்து ஒன்பதுக்குப் போக ஐந்து மாதம் எடுத்தது.

மூன்றாவது மாதம் ஒருநாள் சாப்பிடும்போது காதைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "காதுக்குள்ள பூச்சி கத்துற மாதிரி இரிக்கிப்பா."

"ஹெட்போன் போட்டா அப்பிடித்தான் புள்ள. பழகிரும்," என்றேன்.

அது பழகாது என்று எனக்குத் தெரியும். என்னுடைய இடது காது இந்தத் தொழிலில்தான் போனது. அதுவும் பூச்சிச் சத்தத்தோடுதான் தொடங்கியது.

ஒரேயொரு நாள் மனம் கேட்காமல் எல்லாவற்றையும் சரியான அளவுக்கு மாற்றி வைத்தேன். அன்று அவள் பாடியதைக் கேட்டு டொமினிக் வாசிக்க மறந்துவிட்டான். டினேஷ் அதைப் போனில் பதிந்து கட்டாருக்கு அனுப்பினான். நல்ல பதில் வந்தது. அவள் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மறுநாள் கலவையில் அவளுடைய குரலைத் திரும்பவும் குறைத்தேன், அவளும் திரும்பவும் ஏற்றச் சொன்னாள்.

ஹில்மி கெட்டிக்காரன். ஒருநாள் அவனுடைய ஹெட்போன் வேலை செய்யவில்லை என்று அவளுடையதை எடுத்து மாட்டினான். மாட்டிய கையோடு கழற்றி எறிந்தான்.

"என்ன அங்கிள் இது? காது வெடிச்சிரும்!"

"அவள்தான் இப்பிடி வேணுமெண்டு கேக்கிறாள்," என்றேன்.

"ஓம் ஹில்மி, நான்தான் கேட்ட. அப்பாட்ட சத்தம் போடாத," என்றாள் அவள்.

தை மாதம் சுருதி விலகத் தொடங்கியது. முதலில் கொஞ்சம், பிறகு எல்லாருக்கும் தெரியும்படி. அவளுக்கு மட்டும் தெரியவில்லை. மற்ற மூவரும் அவளைப் பார்க்காமல் வாசித்தார்கள். டவுனில் டொக்டர் சோதித்துவிட்டு, இரண்டு காதிலும் நரம்பு பழுதாகிவிட்டது, திரும்ப வராது என்றார். பக்கத்தில் நின்று உரத்துச் சொன்னால் கொஞ்சம் விளங்கும். திரும்பி வரும்போது ஆட்டோவுக்குள் என் கையைப் பிடித்தாள்.

"உங்கட காது போனநேரம் நீங்க அழுதீங்களாப்பா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப நானும் அழமாட்டன்," என்றாள். கல்லடிப் பாலம் தாண்டும்வரை அழாமல்தான் வந்தாள்.

செட்டிபாளையத்துப் பிள்ளை ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு டினேஷும் டொமினிக்கும் போய்விட்டார்கள். ஹில்மி போகவில்லை. இங்கே பொலிஸுக்கு, உங்களிடம் வந்தான். அவன் சொன்னது முழுவதும் உண்மை. எழுதிக்கொள்ளுங்கள் சேர். என் மகளுடைய காதை நான்தான் பழுதாக்கினேன். தெரிந்தே, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தேன். கையெழுத்து வைக்கிறேன்.

அவள் வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள். கதவைச் சாத்த வேண்டியதில்லை, அவளுக்குக் கேட்காது. ஹில்மியோடு என்னவோ பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு என்னோடு துணைக்கு வந்தவள். இதை அவளுக்கு எழுதிக் காட்டிவிடாதீர்கள், தாங்கமாட்டாள். என்னை இங்கே வைத்திருப்பதென்றாலும், முதலில் அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வர விடுங்கள். பின்னால் பஸ் வந்தால் அவளுக்குத் தெரியாது. பாவம், என்னை விட்டால் அவளைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?